எண்ணிக்கை மட்டும் போதுமா?

மலேசியாவின் அரசுச் சின்னத்தை இரண்டு புலிகள் தாங்கி நிற்கின்றன. காட்டிலோ அவற்றின் இனம் அருகி வருகிறது. 2016 முதல் 2020 வரை நடைபெற்ற தேசியப் புலிக் கணக்கெடுப்பின்படி, தீபகற்பக் காடுகளில் 150க்கும் குறைவான மலாயாப் புலிகளே எஞ்சியுள்ளன.

எண்ணிக்கையைப் பெருக்கினால் போதும் எனப் பலர் கருதுகின்றனர். அது பாதி உண்மையே. எஞ்சிய புலிகளிடையே மரபணு வேறுபாடு எந்த அளவுக்கு உள்ளது என்பதும் கவனிக்கத்தக்கது.

பினாங்குத் தீவை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். 2021இல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட கொடிமலைக் காட்டைச் சுற்றிக் கடலும் ஜார்ஜ்டவுன் நகரமும் உள்ளன. பெருநிலத்துக் காட்டு விலங்குகள் அங்கு வந்து கலக்க வழியில்லை. நெடுஞ்சாலைகளாலும் தோட்டங்களாலும் துண்டாடப்படும் தீபகற்பக் காடுகளும் இத்தகைய தீவுகளாகி வருகின்றன. தனித்துவிடப்பட்ட சிறு கூட்டத்தில் நெருங்கிய உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் நிகழும். அதனால் நோய் எதிர்ப்பாற்றலும் கருவளமும் குன்றும்.

அமெரிக்காவின் புளோரிடாவில் வாழும் பூமாக்களுக்கு இந்நிலை நேர்ந்தது. 1990களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 20 முதல் 30 வரையே அவை எஞ்சியிருந்தன. பலவற்றுக்கு வால் வளைந்திருந்தது. சிலவற்றுக்கு இதயக் குறைபாடும் இருந்தது. 1995இல் டெக்சஸ் மாநிலத்திலிருந்து எட்டுப் பெண் பூமாக்கள் கொண்டுவந்து விடப்பட்டன. அடுத்த தலைமுறைகளில் குறைபாடுகள் குறைந்தன. எண்ணிக்கையும் 100ஐத் தாண்டியது.

எனினும், எந்தக் காட்டுப் புலியையும் எங்கும் கொண்டுவந்து விடலாம் என்று இதற்குப் பொருளன்று. மலாயாப் புலி, இந்தோசீனப் புலியிலிருந்து வேறுபட்டது என்பதை 2004இல் வெளியான மரபணு ஆய்வே எடுத்துக்காட்டியது. ஆகவே, முதலில் பிரிந்த காடுகளை இணைத்து, புலிகள் தாமாகவே நடமாட வழிசெய்வதே சிறந்தது. பேராக் மாநிலத்தின் கிரிக் நெடுஞ்சாலையில் அமைந்துள்ள வனவிலங்குக் கடவை இதற்கு நல்ல தொடக்கம்.

“கண்ணி வைப்போரைப் பிடிப்பதை விட்டுவிட்டு ஆய்வுக்கூடத்தில் பணத்தைச் செலவிடுவதா?” என்று சிலர் கேட்கலாம். கள்ள வேட்டையைத் தடுப்பதே முதற்கடமை என்பதில் ஐயமில்லை. ஆயினும், மரபணு ஆய்வு அதற்குப் போட்டியன்று. புலியைப் பிடிக்காமலேயே, அதன் எச்சத்தைக் கொண்டு அது ஆணா பெண்ணா, எந்தப் புலிக்கு உறவு என்பதைக் கண்டறியலாம். எந்தக் காட்டில் கலப்பு நின்றுவிட்டது என்பது தெரிந்தால், அடுத்த கடவையை எங்கே அமைப்பது என்பதும் தெளிவாகும்.

எனவே, புலிகளை எண்ணும்போதே அவற்றின் மரபணுவையும் பதிவு செய்வது கட்டாயமாக்கப்பட வேண்டும். எஞ்சியிருப்பவை சிலவே என்பதால் இதில் காலம் தாழ்த்தலாகாது.