குறையக் கூடாத ஆயில்

மோட்டார் சைக்கிளின் இடது கைப்பிடி அருகில், பிரேக்குக்கு இருப்பதைப் போலவே ஒரு சின்ன டப்பா இருக்கிறதா? அப்படியானால் உங்கள் வண்டியில் இருப்பது ஹைட்ராலிக் க்ளட்ச். ஸ்ப்ளெண்டர், புல்லட் வகையறாக்களில் இது கிடையாது. அங்கே கேபிள் ராஜ்யம். சுசூகி ஹயபுசா, கவாசாகி இஸட்எக்ஸ்-14ஆர் போன்ற பெரிய வண்டிகளிலும் டுகாட்டி, கேடிஎம் தயாரிப்புகள் சிலவற்றிலும் உண்டு. கேபிள் அறுந்தால் ஒரே நொடியில் தெரிந்துவிடும். ஹைட்ராலிக் க்ளட்ச் அப்படிச் சட்டென்று உயிரை விடாது. சொட்டுச் சொட்டாகத்தான் போகும்.

அந்தச் சொட்டை மறக்க எல்லோரும் கையாளும் வழி, டப்பாவில் குறைந்ததை மேலே ஊற்றிச் சரிக்கட்டுவது. பிரேக்கில் இதற்குக் கொஞ்சம் நியாயம் உண்டு. பிரேக் பேட் தேயத் தேய பிஸ்டன் வெளியே நகரும். அந்த இடத்தை நிரப்பத் திரவம் இறங்கும். க்ளட்ச்சில் கணக்கு தலைகீழ். ப்ளேட்டுகள் தேயும்போது பிஸ்டன் உள்நோக்கித் தள்ளப்படுவதால் டப்பாவில் மட்டம் ஏறத்தான் வேண்டும். எனவே க்ளட்ச் டப்பாவில் மட்டம் குறைந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: எங்கோ ஒழுகுகிறது.

ஒழுகினால் என்ன ஆகும்? ஒருநாள் லீவர் தொளதொளவென்று கைப்பிடியைத் தொடும். க்ளட்ச் முழுதாக விலகாது. சிக்னலில் கியரில் நிற்கும் வண்டி, நீங்கள் லீவரைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே முன்னால் இருப்பவர் மீது ஊர்ந்து போகும். நியூட்ரல் விழாது. (அந்த நிலைமை வந்தால் யோசிக்காதீர்கள். பிரேக்கைப் பிடித்துக்கொண்டு எஞ்ஜினை அணைத்துவிடுங்கள்.)

அமைப்பு எளிமையானது. லீவரைப் பிடித்தால் ஹாண்டில்பாரில் இருக்கும் மாஸ்டர் சிலிண்டர் திரவத்தைத் தள்ளுகிறது. அழுத்தம் ஹோஸ் வழியாக எஞ்ஜின் அருகே உள்ள ஸ்லேவ் சிலிண்டருக்குப் போகிறது. அதன் பிஸ்டன் ஒரு கம்பியைத் தள்ள, ப்ளேட்டுகள் விலகுகின்றன. 17ஆம் நூற்றாண்டில் பிரான்ஸின் பாஸ்கல் சொன்ன விதிதான் இது. அதை வைத்து 1795இல் ஹைட்ராலிக் ப்ரெஸ்ஸுக்குக் காப்புரிமை வாங்கிய ஆங்கிலேயர் ஜோசஃப் பிராமாவுக்கும் ஒழுகல்தான் தலைவலி. அவரிடம் வேலை பார்த்த ஹென்றி மாட்ஸ்லி தோலால் ஒரு வளையம் செய்து அதைத் தீர்த்தார் என்பார்கள். அழுத்தம் கூடக்கூட அந்த வளையம் சுவரோடு இன்னும் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். இன்று உங்கள் க்ளட்ச்சில் இருக்கும் ரப்பர் சீலும் அதே தந்திரத்தில்தான் வேலை செய்கிறது.

வேலையில் பாதி, ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிப்பது. வண்டியை நன்றாகக் கழுவிக் காயவைத்து, அடியில் பழைய செய்தித்தாளை விரித்து, லீவரை இருபது முப்பது தடவை பிடித்து விடுங்கள். லீவர் பொருந்தும் இடத்தில் உள்ள ரப்பர் உறைக்குள் ஈரம் இருந்தால் மாஸ்டர் சிலிண்டர் சீல் போய்விட்டது. ஹோஸ் முனையில் கசிந்தால், அங்குள்ள துளை போட்ட போல்ட்டின் இருபுறமும் இருக்கும் செம்பு வாஷர்கள். கீழே, செயின் ஸ்ப்ராக்கெட் மூடியின் அருகே நனைந்திருந்தால் ஸ்லேவ் சிலிண்டர். பெரும்பாலும் குற்றவாளி இதுதான். செயின் அழுக்கு, சேறு, எஞ்ஜின் சூடு மூன்றும் சேரும் இடத்தில் குடியிருப்பதால் அதன் ஆயுள் குறைவு. இங்கிருந்து ஒழுகுவது பின் டயரில் படவும் வாய்ப்பு உண்டு.

எங்குமே ஈரம் இல்லை, மட்டமும் குறையவில்லை, ஆனால் பிடித்துக்கொண்டே இருக்கும் லீவர் மெல்ல மெல்ல அமுங்குகிறதா? மாஸ்டர் சிலிண்டருக்கு உள்ளேயே திரவம் சீலைத் தாண்டிப் பின்னால் போகிறது. அதுவும் ஒழுகல்தான், கண்ணுக்குத் தெரியாத ஒழுகல்.

ஸ்லேவ் அருகே இருப்பது க்ளட்ச் ஆயிலா, எஞ்ஜின் ஆயிலா? ஒரு தம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு விடுங்கள். மிதந்தால் எஞ்ஜின் ஆயில். அப்போது கோளாறு, தள்ளுகம்பி எஞ்ஜினுக்குள் நுழையும் இடத்தில் உள்ள ஆயில் சீலில். கரைந்தால் க்ளட்ச் திரவம். கடையில் 'பிரேக் ஆயில்' என்று விற்றாலும் டாட் 3, டாட் 4, டாட் 5.1 எதுவும் எண்ணெய் அல்ல. க்ளைகால் சார்ந்த திரவங்கள். தண்ணீரில் கரையும், பெயின்ட்டையும் கரைக்கும். டாங்க் மீது சிந்தினால் துடைத்தால் போதாது, உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

ஒழுகலின் காரணமும் அங்கேதான் இருக்கிறது. இந்தத் திரவம் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 4 குறைந்தபட்சம் 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, 3.7 சதவீதம் நீர் சேர்ந்துவிட்டால் அந்த வரம்பு 155க்கு இறங்கிவிடும். அந்த நீர் சிலிண்டரின் அலுமினியச் சுவரை அரித்துக் குழி போடுகிறது. குழியின் மீது உரசும் சீல் எத்தனை நாள் தாங்கும்? மும்பை, சென்னை, கொச்சி போன்ற கடலோர ஊர்க்காரர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை திரவத்தை மாற்றுவது, பின்னால் சீல் மாற்றுவதை விட லாபம்.

சரி, வேலைக்கு வருவோம். டப்பாவின் மூடியைப் பாருங்கள், எந்தத் திரவம் என்று அதிலேயே எழுதியிருக்கும். இது முக்கியம். ஜெர்மனியின் மகுரா நிறுவனத்தின் க்ளட்ச்கள் பலவற்றில் டாட் திரவம் கூடாது, மினரல் ஆயில்தான். ஒன்றில் மற்றதை ஊற்றினால் ரப்பர் உப்பிப்போய் எல்லா சீலும் சேர்ந்து நாசமாகும். டாட் 5 என்பது சிலிக்கோன். பெயர் ஒத்திருக்கிறதே என்று மற்றவற்றோடு கலக்காதீர்கள்.

ஸ்லேவ் சிலிண்டரென்றால், ஸ்ப்ராக்கெட் மூடியைக் கழற்றி, அதைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளை எடுங்கள். வெளியே வந்த சிலிண்டரைத் துணியில் சுற்றிக்கொண்டு லீவரை மெதுவாகப் பிடித்தால் பிஸ்டன் தானே வெளியே வரும். கண்ணாடி போட்டுக்கொள்வது நல்லது. பிறகு ஹோஸைக் கழற்றி, சிலிண்டரின் உட்புறத்தை வெளிச்சத்தில் பாருங்கள். நகத்தில் தட்டுகிற கீறலோ குழியோ இருந்தால் புது சீல் வீண். சிலிண்டரையே மாற்ற வேண்டும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். சுவர் வழவழவென்று இருந்தால் சீல் மட்டும் போதும். முழு சிலிண்டரின் விலையில் அது சிறு பங்குதான். கரோல்பாக்கோ புதுப்பேட்டையோ, எந்தக் கடையில் வாங்கினாலும் பழைய சீலைக் கையோடு எடுத்துப் போங்கள்.

சுத்தம் செய்ய அதே புதிய திரவமோ, பிரேக் க்ளீனரோ போதும். டாட் திரவத்துக்கான ரப்பர், பெட்ரோல், மண்ணெண்ணெய், கிரீஸ் மூன்றுக்கும் பரம எதிரி. புதிய சீலைத் திரவத்தில் நனைத்து மாட்டுங்கள். அதன் விரிந்த உதடு திரவம் இருக்கும் பக்கம் பார்க்க வேண்டும். மாட்ஸ்லியின் வளையத்தை நினைவில் வையுங்கள்: அழுத்தம் உதட்டை விரித்தால்தான் அது சுவரோடு ஒட்டும். திருப்பி மாட்டினால் முதல் பிடியிலேயே ஒழுகும். ஹோஸைப் பொருத்தும்போது செம்பு வாஷர்கள் இரண்டும் புதிதாக இருக்கட்டும். அலுமினிய மரை என்பதால் முழு பலத்தையும் காட்ட வேண்டாம். மேனுவலில் உள்ள அளவே போதும்.

கடைசியாக ஏர் எடுப்பது. திரவம் அமுங்காது, காற்று அமுங்கும். ஒரு குமிழி உள்ளே இருந்தாலும் உங்கள் பிடி அதை அமுக்குவதிலேயே செலவாகிவிடும். நிப்பிளில் ஒரு கண்ணாடிக் குழாயை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் திரவம் உள்ள பாட்டிலில் முக்குங்கள். லீவரை நாலைந்து தடவை பிடித்து, பிடித்தபடியே நிறுத்தி, நிப்பிளைக் கால் சுற்றுத் திறந்து, குமிழி வந்ததும் மூடி, பிறகு லீவரை விடுங்கள். வரிசை மாறினால் வந்த காற்று திரும்பப் போகும். டப்பா காலியாகாமல் ஊற்றிக்கொண்டே இருக்க, வீட்டில் இன்னொருவர் உதவி தேவைப்படலாம். குமிழி நின்ற பிறகும் லீவர் மெத்தென்று இருந்தால், அதைக் கைப்பிடியோடு சேர்த்து ஒரு ட்யூப் ரப்பரால் கட்டி இரவு முழுக்க விட்டுவிடுங்கள். மிச்சக் காற்று பெரும்பாலும் மேலேறிவிடும். பழைய திரவத்தைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். மூடிய பாட்டிலில் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள்.

டப்பாவை விளிம்பு வரை நிரப்ப வேண்டாம். மட்டம் ஏறப் போவது, அதற்கு இடம் வேண்டும். எஞ்ஜினை அணைத்து, முதல் கியரில் போட்டு, லீவரைப் பிடித்தபடி வண்டியைத் தள்ளிப் பாருங்கள். தடையில்லாமல் உருண்டால் வேலை சரி. பிறகு டப்பாவின் கண்ணாடியில் இன்றைய மட்டத்துக்கு ஒரு பேனாக் கோடு போட்டுவையுங்கள். ஒரு மாதம் கழித்தும் திரவம் அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்காமல் இருந்தால், நீங்கள் ஊற்றவில்லை, உண்மையாகவே பழுது பார்த்திருக்கிறீர்கள்.