சாரலை அறியாத சிமுலேட்டர் எதற்கு?

கோழிக்கோடு, லே, காட்மாண்டு போன்ற சவாலான விமான நிலையங்களுக்கான பயிற்சியை, அதற்குத் தகுதி பெறாத சிமுலேட்டர்களில் ஏறத்தாழ 1,700 விமானிகளுக்கு அளித்ததாக இண்டிகோவுக்கு 2025-இல் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ நோட்டீஸ் அனுப்பியது. பயிற்சிக்கென்றே தனித் துறை வைத்திருக்கும் நிறுவனத்தின் மீதே இப்படியொரு புகார். இரண்டு, மூன்று பிசினஸ் ஜெட்களை வாடகைக்கு விடும் சிறு நிறுவனங்கள் தங்கள் விமானிகளை எங்கே, எதைப் பார்த்து அனுப்புகின்றன?

பெரும்பாலும் கட்டணத்தையும் காலியாக இருக்கும் தேதியையும் பார்த்துத்தான். துபாய், ஐரோப்பா, அமெரிக்கா என்று போய்வருகிறார்கள். சிமுலேட்டருக்கு ‘லெவல் டி’ என்ற உச்சத் தரச்சான்று இருக்கிறதே என்கிறார்கள். அந்தக் கருவி விமானத்தை எவ்வளவு துல்லியமாகப் பிரதிபலிக்கிறது என்பதற்கே அந்தச் சான்று. எந்த ஓடுபாதையில், எந்த மழையில் விமானி பழகினார் என்பதை அது சொல்லாது.

நம் மழை தனி ரகம். குற்றாலத்தில் சீசன் களைகட்டும் நாட்களில் செங்கோட்டைக் கணவாய் வழியே பாயும் காற்றுதான் கயத்தாறு காற்றாலைகளைச் சுழற்றுகிறது. மலைக்கு மேற்கே, திருவனந்தபுரத்தில் அடைமழை. கிழக்கே தரையை அறையும் வறண்ட காற்று. தூத்துக்குடி ஓடுபாதை 3,115 மீட்டராக நீண்டுவிட்டதால் இனி இந்த வானத்துக்கு ஜெட்கள் கூடுதலாக வரும்.

2020 ஆகஸ்ட் 7-ஐ மறக்க முடியுமா? கோழிக்கோட்டில் மழை, பின்காற்று. ஓடுபாதையின் ஏறத்தாழப் பாதியில்தான் விமானத்தின் சக்கரம் தரையைத் தொட்டது. 21 உயிர்கள் போயின. இறங்குவதைக் கைவிட்டு மீண்டும் மேலெழும்பாததை விசாரணை அறிக்கை சுட்டிக்காட்டியது. 2023 செப்டம்பர் 14-இல் மும்பையில் கனமழையில் இறங்கிய லியர்ஜெட் 45 ஓடுபாதையை விட்டு விலகி நொறுங்கியது. எட்டுப் பேரும் பிழைத்தார்கள். ஆபத்தில்லாமல் நூறு முறை தோற்றுப் பழக சிமுலேட்டரை விட்டால் வேறு இடமில்லை.

‘அங்கீகாரம் இருந்தால் போதும், செலவைக் கூட்டாதீர்கள்’ என்பது கணக்குப்பிள்ளை வாதம். பயிற்சிக்குப் பணமில்லாதவர்கள் பயணிகளை ஏற்றக் கூடாது. அவ்வளவுதான்.

ஆறு மாதத்துக்கொருமுறை நடக்கும் திறன் சோதனையில், தென்மேற்குப் பருவமழையில் தென்னிந்திய ஓடுபாதை ஒன்றில் இறங்குவதையும் மேலெழும்புவதையும் டிஜிசிஏ கட்டாயமாக்க வேண்டும். அந்தக் காட்சிகள் இல்லாத மையத்துக்கு இந்திய விமானிகள் போகவே கூடாது. கோவில்பட்டியில் விமானப் பயிற்சிப் பள்ளி கொண்டுவர முயலும் தமிழக அரசு நிறுவனமான டிட்கோ, அங்கேயே ஜெட் சிமுலேட்டர் மையத்தையும் அமைக்கட்டும். தென்காசி மத்தளம்பாறையில் உலகுக்கே மென்பொருள் எழுதும் இளைஞர்களுக்கு நம் மலையையும் மழையையும் திரையில் கொண்டுவரத் தெரியாதா? இதைச் செய்தால் இன்னொரு கோழிக்கோடு நிகழும் வாய்ப்பு குறையும்.