மூன்று ‘ஏன்’களில் ஒரு பாடம்

கொரோனா ஊரடங்கு என்றதும் பள்ளிப் பிள்ளைகள் பலருக்கு நினைவுக்கு வருவது ஆன்லைன் வகுப்பும் ‘ஆல் பாஸ்’ஸும்தான். அதே நாட்களில் லட்சக்கணக்கானவர்கள் மூட்டை முடிச்சோடு நெடுஞ்சாலைகளில் நடந்தார்கள். அதை வகுப்பில் எப்படிச் சொல்லித் தருவது?

புள்ளிவிவரத்தை அடுக்கினால் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். ஒரே ஒரு பயணத்திலிருந்து தொடங்கலாம்.

2020 மார்ச் 24, இரவு 8 மணி. நள்ளிரவு முதல் 21 நாள் முழு ஊரடங்கு என்று பிரதமர் அறிவித்தார். இடையில் இருந்தது நான்கே மணி நேரம். சத்தீஸ்கரைச் சேர்ந்த 12 வயதுச் சிறுமி ஒருத்தி அப்போது தெலங்கானாவில் மிளகாய் பறிக்கப் போயிருந்தாள். வேலை நின்றுபோனது. பஸ், ரயில் எதுவும் இல்லை. ஏப்ரலில் ஊரடங்கை நீட்டித்ததும், உடன் வந்தவர்களோடு ஊரைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள். மூன்று நாள் நடந்தவள், வீட்டை நெருங்கும் நேரத்தில் இறந்துபோனாள். பரிசோதித்ததில் அவளுக்குக் கொரோனா இல்லை.

இதைக் கேட்டதும் வகுப்பே “ஐயோ பாவம்!” என்று சொல்லும். பாடத்தை அங்கே முடித்துவிடக் கூடாது. இனிதான் மூன்று ‘ஏன்’ கேட்க வேண்டும்.

அவள் ஏன் பள்ளியில் இல்லை?
6 முதல் 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி என்று 2009-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆனால், பிள்ளையின் கூலியும் சேர்ந்தால்தான் அடுப்பு எரியும் என்ற வீட்டில் சட்டம் வாசலோடு நின்றுவிடுகிறது.

அங்கேயே ஏன் தங்க முடியவில்லை?
கூலி நின்றால் அரிசிக்கு என்ன வழி? ரேஷன் கார்டு இருந்தாலும் அப்போது அது சொந்த ஊர்க் கடைக்குத்தான் செல்லுபடியானது. எந்த மாநிலத்திலும் பொருள் வாங்க வழிசெய்யும் ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ திட்டத்தில் சத்தீஸ்கர் இணைந்தது 2022-ல்தான்.

‘வீட்டிலேயே இருங்கள்’ என்பது சிலருக்கு மட்டும் ஏன் சுலபமாக இருந்தது?
மாதச் சம்பளம், நிரம்பிய ஃபிரிட்ஜ், தனி அறை. உத்தரவு எல்லோருக்கும் ஒன்றுதான்; வீடு ஒன்றாக இல்லை. ஆன்லைன் வகுப்பிலும் இதே கதைதான். வீட்டுக்கு ஒரே போன், அதையும் அப்பா வேலைக்கு எடுத்துப் போய்விட்டால் அன்று பாடம் கிடையாது.

இந்த இடத்தில் ஆசிரியர்களுக்கு ஒரு எச்சரிக்கை. திருப்பூரிலும் சென்னையிலும் பீகார், ஒடிசா பிள்ளைகள் அதே வகுப்பில் உட்கார்ந்திருப்பார்கள். “நீ எழுந்து உன் கஷ்டத்தைச் சொல்” என்று அவர்களைக் காட்சிப்பொருளாக்க வேண்டாம். “உங்க தாத்தா பாட்டி எந்த ஊர்? ஏன் அங்கிருந்து கிளம்பினாங்க?” என்று எல்லோரையும் வீட்டில் கேட்டுவரச் சொல்லலாம். மழை பொய்த்துக் கிளம்பியவர், பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர், மில் வேலைக்குப் போனவர், துபாய்க்கு விமானம் ஏறியவர் என்று ஏதோ ஒரு பயணம் அநேகமாக எல்லா வீட்டிலும் இருக்கும். ‘அவர்கள்’ என்று ஆரம்பித்த பாடம் அப்போது ‘நாம்’ என்று மாறும்.

வீட்டுப்பாடம் ஒன்றே ஒன்று போதும். இன்றைய சாம்பாரில் விழுந்த மிளகாய்த் தூள் யார் யார் கை மாறி வந்தது? பிள்ளை கேட்டால் “சாப்பிடும்போது பேசாதே” என்று அடக்காமல், அம்மாவும் அப்பாவும் கூடவே உட்கார்ந்து யோசிக்கலாம்.