கண்ணுக்கும் ஒரு கணக்கு

நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் மருத்துவமனையில் பணிபுரிவோர் உளர். அவர்களுள், இதயத்தின் இரத்தக் குழாய்க்குள் மெல்லிய குழல் செலுத்திச் சிகிச்சை செய்யும் ‘கேத் லாப்’ அறையில் நிற்போரை நினைந்தே இம்மாதம் எழுதுகிறேன்.

அவ்வறையில் எக்ஸ்ரே ஒரு நொடி மின்னி மறைவதன்று. குழல் செல்லும் வழியைக் காண, அது மீண்டும் மீண்டும் செலுத்தப்படுகிறது. நோயாளியின் உடலில் பட்டுச் சிதறும் கதிர்களே அருகில் நிற்போரைப் பெரிதும் வந்தடைகின்றன. மார்பையும் வயிற்றையும் ஈய அங்கி காக்கும். முகத்துக்கு அங்கி ஏது? கண்ணின் வில்லையோ கதிரால் எளிதில் ஊறுபடுவது. வலி தோன்றாது, ஆண்டுகள் பல கழிந்தபின் வில்லையின் பின்புறத்தே புரை படரலாம்.

கதிரை அளக்க நம் நாட்டு ஊழியர்க்கு டி.எல்.டி. பேட்ஜ் அளிக்கப்படுகிறது. அதனுள், டிஸ்ப்ரோசியம் சிறிது கலந்த கால்சியம் சல்பேட்டால் ஆன மூன்று வட்டத் தகடுகள் உள்ளன. கதிரின் ஆற்றலைத் தம்முள் தேக்கிவைத்து, பின்னர்ச் சூடேற்றுங்கால் ஒளியாக வெளியிடும். அவ்வொளியைக் கொண்டு கதிரின் அளவை அறிவர். வியத்தகு சாதனமே! ஆயின் அதை அணிவது மார்பில், ஈய அங்கிக்கு உள்ளே. அங்கிக்குள் இருப்பது வெளியிலுள்ள கண்ணைப் பற்றி என்ன சொல்லும்? எங்கள் பார்சல் ஆபீசில் ஒரு மூட்டையை நிறுத்து, வேறொரு மூட்டைக்கு ரசீது எழுதினால் விடுவார்களா?

கண்ணின் கணக்கைக் கண்ணருகிலேயே எடுத்தல் வேண்டும். இதற்கென உள்ள சிறு அளவி, 3 மில்லிமீட்டர் ஆழத்தில் சேரும் அளவைக் காட்டுமாறு அமைந்தது. கண்வில்லையைக் கருதியே அவ்வாழம் கொள்ளப்பட்டது. எக்ஸ்ரே குழாய்க்கு அண்மையிலுள்ள கண்ணின் பக்கமாக அதனை அணிவர். சிகிச்சை செய்யும் மருத்துவர்க்குப் பெரும்பாலும் அது இடக்கண். அவ்வளவி கிட்டாத இடத்தில், கழுத்தருகே அங்கிக்கு வெளியே மற்றொரு பேட்ஜ் அணிந்தால் தோராயமாகவேனும் தெரியவரும்.

இக்கவலை வீணன்று. கண்வில்லைக்கு ஆண்டுக்கு 150 மில்லிசீவர்ட் வரை ஏற்கலாம் என்றிருந்த சர்வதேசக் கதிரியல் பாதுகாப்புக் குழு, 2011-இல் அதனை 20 ஆகக் குறைத்தது. அது ஐந்தாண்டுச் சராசரி. எந்த ஓராண்டிலும் 50-ஐத் தாண்டலாகாது.

பணி முடிந்து வீடு திரும்பும் மகளிடமோ மருமகனிடமோ இரண்டு செய்திகளைக் கேட்டுப் பாருங்கள். கூரையிலிருந்து தொங்கும் ஈயக் கண்ணாடித் தடுப்பை வேலையின்போது இழுத்து வைத்துக்கொள்கிறார்களா? அணியும் ஈய மூக்குக்கண்ணாடி பக்கவாட்டையும் மறைக்கிறதா? திரையைப் பார்க்கத் தலையைத் திருப்பும்போது, கதிர் பக்கத்திலிருந்தும் கீழிருந்தும் நுழைகிறது.