கோப்பை உண்டு, கணக்கில் இல்லை: ப்ரீ-சீசன் கால்பந்து டிக்கெட்டில் நாம் எதை வாங்குகிறோம்?

டாட்டன்ஹாம் ரசிகரை வம்புக்கு இழுக்க ஒரே ஒரு கேள்வி போதும்: "கடைசியா எப்போ கப் ஜெயிச்சீங்க?" 2008-ல் லீக் கோப்பை, அதற்குப் பிறகு 2025-ல் யூரோப்பா லீக். நடுவில் 17 வருஷம் காலி. எல்லோரும் சொல்லும் கணக்கு இதுதான்.

ஆனால் 2018 கோடையில் இதே டாட்டன்ஹாம் 'இன்டர்நேஷனல் சாம்பியன்ஸ் கப்' தொடரை வென்றது. ரியல் மாட்ரிட், பார்சிலோனா உட்பட 18 கிளப்புகள் ஆடிய தொடர் அது. அந்தக் கோப்பையை மட்டும் ஏன் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை?

முதலில், இது என்ன தொடர்?

ஐரோப்பிய கால்பந்து சீசன் ஆகஸ்ட்டில் தொடங்கி மே மாதம் முடியும். விடுமுறை முடிந்து வரும் வீரர்கள் உடம்பைத் தயார் செய்ய ஜூலையில் நட்பு ஆட்டங்கள் ஆடுவார்கள். அந்த ஆட்டங்களை ஒன்றாகக் கட்டி, பெயர் வைத்து, கோப்பையும் வைத்து 2013-ல் தொடங்கப்பட்டதுதான் இந்தத் தொடர். நடத்தியது அமெரிக்காவின் ரெலவன்ட் ஸ்போர்ட்ஸ் நிறுவனம். ஆட்டங்கள் அமெரிக்கா, சீனா, ஆஸ்திரேலியா, சிங்கப்பூர் எனச் சுற்றின.

2018-ல் மொத்தம் 27 ஆட்டங்கள். ஒரு அணிக்கு மூன்றே மூன்று. இறுதிப்போட்டியே கிடையாது, புள்ளிப் பட்டியலில் முதலிடம் பிடித்தவர் சாம்பியன். அதாவது, மற்ற 17 அணிகளில் 14 அணிகளைச் சந்திக்காமலே கோப்பையைத் தூக்கலாம். சமநிலையில் முடிந்தால் நேராக பெனால்டி ஷூட் அவுட். இடைவேளைக்குப் பிறகு பாதி அணி மாறியிருக்கும். பெயரில் 'சாம்பியன்ஸ்' இருக்கிறது, ஆனால் வென்ற டாட்டன்ஹாம் கடைசியாக இங்கிலாந்து லீக்கை ஜெயித்தது 1961-ல்!

சிம்பிளா சொன்னா, இது பயிற்சி. ஆனால் விற்கப்பட்டது ஃபைனல் மாதிரி.

அப்புறம் ஏன் இவ்வளவு கூட்டம்?

2014 ஆகஸ்ட் 2 அன்று அமெரிக்காவின் மிச்சிகன் ஸ்டேடியத்தில் மான்செஸ்டர் யுனைடெட் - ரியல் மாட்ரிட் ஆட்டத்தைப் பார்க்க வந்தவர்கள் 1,09,318 பேர். ஒரு நட்பு ஆட்டத்துக்கு! காரணம் எளிது. மாட்ரிட்டுக்கோ மான்செஸ்டருக்கோ போய் ஆட்டம் பார்ப்பது உலகின் பெரும்பாலான ரசிகர்களால் முடியாத காரியம். ஆண்டு முழுக்க நடுராத்திரியில் கண் விழித்து மொபைலில் பார்க்கும் ரசிகருக்கு, தன் அணி தன் ஊருக்கே வருவது பெரிய விஷயம்தான். இதைக் கிண்டல் செய்ய எதுவும் இல்லை.

சிக்கல் எங்கே?

போஸ்டரில்.

2019 ஜூலையில் யுவென்டஸ் தென்கொரியாவின் சியோலுக்கு வந்தது. ரொனால்டோவைப் பார்க்க அரங்கம் நிரம்பியது. ஆட்டம் ஏறக்குறைய ஒரு மணி நேரம் தாமதம். ரொனால்டோ கடைசி வரை பெஞ்சை விட்டு எழவே இல்லை. கொதித்துப்போன ரசிகர்கள் வழக்குப் போட்டார்கள். இரண்டு ரசிகர்களுக்குத் தலா 3,71,000 வோன் தரும்படி ஏற்பாட்டாளருக்கு 2020-ல் நீதிமன்றம் உத்தரவிட்டது.

2024 பிப்ரவரியில் ஹாங்காங்கில் அதே கதை. இன்டர் மயாமியின் ப்ரீ-சீசன் ஆட்டத்தில் மெஸ்ஸி காயத்தால் இறங்கவில்லை. அரங்கமே "பணத்தைத் திருப்பிக் கொடு" என்று கத்தியது. பிறகு டிக்கெட் விலையில் பாதியைத் தருவதாக ஏற்பாட்டாளர்கள் அறிவித்தார்கள்.

இதில் வீரரைத் திட்டுவது சுலபம். ஆனால் இன்னொரு பக்கத்தையும் பார்க்கணும். 2019 ஜூலையில் இதே சாம்பியன்ஸ் கப்பில் ஆர்சனலுக்கு எதிராக கோல் அடித்த ரியல் மாட்ரிட்டின் அசென்சியோ, அதே ஆட்டத்தில் முழங்கால் தசைநார் கிழிந்து வெளியேறினார். மீண்டும் களத்துக்கு வர 2020 ஜூன் ஆனது. இப்படி ஒரு ஆபத்து இருக்கும்போது, முழுதாகத் தேறாத வீரரை எந்தப் பயிற்சியாளரும் இறக்க மாட்டார். இறக்கவும் கூடாது.

ஆக, பயிற்சியாளருக்குத் தேவை பாதுகாப்பான பயிற்சி. ரசிகருக்குத் தேவை நட்சத்திரம். இரண்டும் மோதும் என்பது ஏற்பாட்டாளருக்கு முன்கூட்டியே தெரியும். தெரிந்தும் நட்சத்திரத்தின் முகத்தைப் பெரிதாகப் போட்டு டிக்கெட் விற்கிறாரே, தப்பு அங்கேதான்.

அப்போ நிறுத்திடலாமா?

வேண்டாம். 2019-ல் சிங்கப்பூரில் யுவென்டஸுக்கு எதிராகக் கடைசி நிமிடத்தில் மைதானத்தின் பாதியிலிருந்து ஹாரி கேன் அடித்த கோலை நேரில் பார்த்தவரிடம் "இது சும்மா ஆட்டம்" என்று சொல்ல முடியுமா?

மேலும், இதற்கு மாற்றாகப் பேசப்படுவது இன்னும் மோசம். நட்பு ஆட்டத்தில் சூடு இல்லை என்பதால் நிஜ லீக் ஆட்டத்தையே வெளிநாட்டுக்குக் கொண்டுபோகப் பார்க்கிறார்கள். ஜிரோனா - பார்சிலோனா ஆட்டத்தை மயாமியில் நடத்த 2018-ல் முயற்சி நடந்தது. 2025-ல் வில்லாரியல் - பார்சிலோனா. எதிர்ப்பால் இரண்டுமே கைவிடப்பட்டன. நல்லதுதான். வில்லாரியல் ஊர்க்காரரின் ஒரு ஹோம் மேட்சைப் பிடுங்கி மயாமிக்குக் கொடுப்பதைவிட, ஜூலையில் ஒரு நட்பு ஆட்டம் ஆயிரம் மடங்கு மேல்.

என்ன செய்யணும்?

சாம்பியன்ஸ் கப் 2020-ல் கொரோனாவால் ரத்தானது. ஆண்கள் தொடர் பழைய வடிவில் திரும்பவில்லை. ஆனால் கோடைச் சுற்றுப்பயணங்கள் வேறு பெயர்களில் தொடர்கின்றன. எனவே மூன்று விஷயங்கள் கட்டாயமாக வேண்டும்.

ஒன்று, 'எந்த வீரர் ஆடுவார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை' என்ற வரி போஸ்டரில் வீரரின் பெயர் அளவுக்கே பெரிதாக இருக்கட்டும். இரண்டு, காயம் பற்றித் தெரிந்த உடனே சொல்லுங்கள், கிக்-ஆஃப் வரை இழுக்காதீர்கள். மூன்று, ஒரு வீரரின் பெயரைச் சொல்லி விற்றால், அவர் ஆடாவிட்டால் எவ்வளவு பணம் திரும்பும் என்பதை டிக்கெட்டிலேயே அச்சிடுங்கள்.

அதுவரை நம் பங்குக்கு ஒன்று செய்யலாம். டிக்கெட் எடுக்கும் முன், அந்த நட்சத்திரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாலும் இந்த விலை கொடுப்போமா என்று ஒருமுறை யோசியுங்கள். 'ஆமா' என்றால் தாராளமாகப் போங்க, நல்ல மாலைப் பொழுதுதான். 'இல்லை' என்றால் அந்தப் பணத்தைப் பத்திரமா வச்சுக்கோங்க.