பிக்கப் வண்டியும் வர்த்தகப் பதிவும்

ஒரு பொருளுக்குச் சட்டம் இடும் பெயர் வெறும் பெயராய் நின்றுவிடுவதில்லை. பெயரின் பின்னே கட்டணமும், கட்டணத்தின் பின்னே பற்பல தடைகளும் தொடர்ந்து வருகின்றன. இதனை நன்கு விளக்குவதொரு வழக்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேற்குக் கரையிலுள்ள கலிபோர்னியா ராஜ்யத்தில் நெடுங்காலமாய் நடந்துவருகின்றது. கடல் கடந்த நாட்டின் வண்டிக் கட்டணத்தால் நமக்காவது என்ன என்று வினவுவார் சிலர் இருக்கலாம். வரி விதித்தலில் நியாயம் யாது, அநியாயம் கண்டவிடத்து அதனை மாற்ற விண்ணப்பிக்கும் முறை யாது என்பனவற்றைக் கற்க விரும்பும் மாணாக்கர்க்கு இதனினும் எளிய பாடம் கிடைப்பது அரிது என்பதே யாம் கூறும் விடை.

பிக்கப் என்பது, முன்னே ஓட்டுநரும் உடன் வருவோரும் அமரும் அறையும், பின்னே மூடாத தொட்டியும் உடைய சிறு மோட்டார் வண்டி. அந்நாட்டுக் குடியானவர் தம் மோட்டார்க் காரின் பின்புறத்தை அறுத்தெறிந்து, மரப்பெட்டி பொருத்தி, வைக்கோலும் கோழிக்கூண்டும் ஏற்றித் திரிந்தனர். அதனைக் கண்ட போர்டு கம்பெனியார் 1925ஆம் ஆண்டில் அவ்வுருவிலேயே ஒரு வண்டியைத் தம் தொழிற்சாலையில் செய்து 281 டாலருக்கு விற்கலாயினர். அன்று அது உழைப்பாளியின் கருவி. இன்றோ குடும்பத்தார் கோவிலுக்கும் கடைவீதிக்கும் அதிலேயே செல்லுகின்றனர். பிள்ளைகளைப் பள்ளியில் விடுவதும் அதிலேதான். ஆண்டில் இரண்டொரு முறை பழைய கட்டிலொன்றை ஏற்றிச் செல்வதன்றி அத்தொட்டி யாதொரு பாரமும் காணாத வீடுகள் பல உள. வழக்கம் இங்ஙனம் மாறியும் சட்டம் மாறிற்றில்லை.

கலிபோர்னியாவின் வாகனச் சட்டத்து 260ஆம் பிரிவு வர்த்தக வாகனம் இன்னதென வரையறுக்கின்றது. கூலிக்கு ஆளேற்றும் வண்டியும், பெரும்பாலும் சரக்கு ஏற்றுதற்கென வடிவமைக்கப்பட்ட அல்லது அதற்கெனப் பயன்படுத்தப்படுகின்ற வண்டியும் அவ்வகுப்பில் அடங்கும். இவ்வரையறையில் 'வடிவமைக்கப்பட்ட' என்னும் ஒரு சொல்லே பிக்கப் உடையவர் அனைவரையும் வர்த்தகராக்கிவிட்டது. உடையவர் ஆசிரியராயினும் ஆகுக, ஓய்வு பெற்ற தாதியாயினும் ஆகுக. அவர் ஒரு காசுக்கும் சரக்கு ஏற்றாதிருப்பினும், தொட்டி உண்மையின் அவர் வண்டி வர்த்தக வண்டியே. தொட்டியின்மேல் உறைவதற்குரிய கூண்டொன்றை நிலையாய்ப் பிணைத்துவிட்டால் அதே வண்டி 'வீட்டு வண்டி' என்னும் வகுப்பிற்கு மாறிவிடுமாம். எடையைக் கூட்டியவனுக்கு எடைக் கட்டணம் நீங்கும் இவ்விந்தையை என்னென்பது!

வர்த்தகப் பெயர் பெற்ற வண்டிக்கு, காருடையார் செலுத்தும் பதிவுக் கட்டணத்தோடும் மதிப்பின்மேல் விதிக்கும் கட்டணத்தோடும், எடைக் கட்டணம் என்பதொன்று ஆண்டுதோறும் மிகையாய் உண்டு. வெற்றெடை 3,000 ராத்தலுக்குக் குறைந்தால் 8 டாலர். 4,000 வரை 24 டாலர். அதன்மேல் 5,000 வரை 80. 6,000 வரை 154. 7,000 வரை 204. மின்சாரத்தால் ஓடுவனவற்றிற்கு அளவு வேறு: 6,000 ராத்தலுக்குக் குறைந்தவற்றிற்கு 87 டாலரும், அதன்மேல் 10,000 வரை 266 டாலரும் ஆம்.

எடைக்கேற்ற கட்டணம் தானே, இதில் அநியாயம் எங்கே என்று தோன்றலாம். அயலில் நிற்கும் வண்டியை நோக்கினால் அது விளங்கும். ஷெவர்லே கம்பெனியார் ஸில்வராடோ என்னும் பிக்கப்பையும் ஸபர்பன் என்னும் பெருங்காரையும் ஒரே அடித்தளத்தின்மேல் அமைக்கின்றனர். 5,200 ராத்தல் எடையுள்ள ஸில்வராடோவின் உடையவர் ஆண்டொன்றுக்கு 154 டாலர் எடைக் கட்டணம் செலுத்த, அதனினும் கனத்த ஸபர்பனில் செல்லும் அயல் வீட்டார் எடைக் கட்டணமாக ஒரு காசும் செலுத்துவதில்லை. பின்புறம் கூரை வேய்ந்து ஆசனம் இட்டதே அவர் செய்த புண்ணியம். சாலையோ தன்மேல் உருளும் சக்கரம் தொட்டியைச் சுமக்கின்றதா ஆசனத்தைச் சுமக்கின்றதா என்று அறியாது.

இனி, எடைக் கட்டணத்தை ஆதரிப்போர் கூறும் காரணத்தை இகழ்ந்து தள்ளலாகாது. 1958 முதல் 1960 வரை இல்லினாய் ராஜ்யத்தின் ஆட்டவா நகரருகே புதிதாய்ப் பாதைகள் அமைத்து, அவற்றின்மேல் லாரிகளை இரவும் பகலும் ஓட்டிப் பெரியதொரு சோதனை நடத்தினர். அச்சின்மேல் தங்கும் பாரம் இரட்டித்தால் சாலைக்கு நேரும் சேதம் இரட்டிப்பதன்று, ஏறக்குறையப் பதினாறு மடங்காகும் என்பது அதனால் தெளிந்தது. ஆதலின் கனத்த வண்டி மிகுதியாய்ச் செலுத்துக என்பது முறையே. ஆனால் அதே கணக்கை இறுதிவரை நடத்திப் பார்த்தல் வேண்டும். எண்பதினாயிரம் ராத்தல் வரை பாரத்தோடு நெடுஞ்சாலையில் உருளும் பெருலாரியின் முன்னே, பிக்கப்பும் பெருங்காரும் செய்யும் சேதம் இரண்டும் ஒருநிகராய் அற்பமே. ஒன்றை வர்த்தகமென்று பிடித்து மற்றொன்றை விடுவதற்கு அச்சோதனை யாதொரு சான்றும் தரவில்லை.

தொகை சிறிதன்றோ என்பார்க்கும் ஒரு சொல். மெய்தான், சிறு பிக்கப் உடையவர்க்கு 24 டாலர் பெருஞ்சுமையன்று. எமக்குத் தொகையினும் பெயரே பெருந்தீங்காய்த் தோன்றுகின்றது. நியூயார்க் நகரைச் சூழ்ந்த பூங்காச் சாலைகளில் வர்த்தக வண்டிகள் புகலாகா என்பது பழைய விதி. ஆங்கு வண்டியின் பதிவு வகுப்பு யாதென்பதே, மனைவி மக்களோடு செல்லுபவர் எவ்வழியே செல்லலாம் என்பதைத் தீர்மானிக்கும். கலிபோர்னியாவிலும் குடியிருப்புச் சங்கங்கள் பல, தம் எல்லைக்குள் பாரவண்டி நிறுத்தலாகாதென விதி செய்துள்ளன. அத்தகைய சங்கமொன்று தன் உறுப்பினர்மேல் தொடுத்த வழக்கில், தன் சொந்தப் போக்குவரத்திற்கன்றி வேறெதற்கும் பயன்படாத தூய பிக்கப்பை அங்ஙனம் தடுப்பது நியாயமன்றென 1987ஆம் ஆண்டில் அந்த ராஜ்யத்து மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. உருவத்தை நோக்காது பயனை நோக்குக என்பதன்றோ அத்தீர்ப்பின் கருத்து? நீதிபதிகள் கண்டதைச் சட்டசபையார் காணாதிருத்தற்குக் காரணம் தெரியவில்லை.

பிற ராஜ்யங்கள் வேறு வழி கண்டுள்ளன. டெக்ஸாஸில் 6,000 ராத்தலுக்கு மேற்படாத வண்டி, காராயினும் பிக்கப்பாயினும், 50.75 டாலர் அடிப்படைக் கட்டணம் செலுத்தும். அதன்மேல் 10,000 வரை 54 டாலர். அங்கே எடை உண்டு, உருவ பேதம் இல்லை. நியூயார்க்கிலும் எடை வரம்பிற்குட்பட்டு, வர்த்தக விளம்பரம் ஏதும் எழுதப்பெறாமல், சொந்தக் காரியத்திற்கே பயன்படும் பிக்கப்பைப் பிரயாணிகள் வண்டி வகுப்பில் பதிவு செய்துகொள்ள இடமுண்டு. இவ்விரண்டிலும் டெக்ஸாஸின் வழியே எமக்கு உவப்பானது. பயனை நோக்கும் விதி நல்லதேயாயினும், சனிக்கிழமைதோறும் ஒருவர் தம் தொட்டியில் எதனை ஏற்றினார் என்று ஆராய அதிகாரி ஒருவர் வேண்டும். எடையைத் தராசு சொல்லிவிடும்.

இனி விண்ணப்பத்தின் கூற்றிற்கு வருவோம். அரசாங்கத்தினிடம் குறை கூறி விண்ணப்பிக்கும் உரிமையைக் கலிபோர்னியாவின் அரசியல் சட்டம் தன் முதற்பகுதியிலேயே குடிகளுக்கு அளிக்கின்றது. எனினும் கையொப்பம் திரட்டிச் சட்டசபைக்கு அனுப்பும் சாதாரண மனுவினால் சட்டசபை கட்டுப்படுவதில்லை. குடிகளே நேராய்ச் சட்டமியற்றும் முறையொன்று 1911ஆம் ஆண்டில் ஹைராம் ஜான்ஸன் கவர்னராயிருந்தபோது ஏற்பட்டது. அதற்கு, முந்திய கவர்னர் தேர்தலில் விழுந்த வாக்குகளில் நூற்றுக்கு ஐந்து வீதம் கையொப்பம் வேண்டும். 2022ஆம் ஆண்டுத் தேர்தலின்படி அத்தொகை 5,46,651 ஆயிற்று. அவற்றை 180 நாட்களுக்குள் திரட்டுதல் வேண்டும். தொடங்குமுன் 2,000 டாலர் கட்டுதலும் வேண்டும். ஒரு தொட்டியின் பொருட்டு இத்துணைப் பெரிய யாகம் தேவையில்லை என்பது எம் கருத்து.

வண்டிக் கட்டணத்தால் அந்நாட்டில் எழுந்த கிளர்ச்சிகள் சிறியனவல்ல. 2003ஆம் ஆண்டில் கவர்னர் கிரே டேவிஸ் ஆட்சியில், வண்டி மதிப்பின்மேல் நூற்றுக்கு 0.65 ஆகக் குறைந்திருந்த கட்டணம் மீண்டும் பழைய 2 வீதத்திற்கு உயர்ந்தது. அதே ஆண்டு அக்டோபர் 7ஆம் நாள் குடிகள் அவரைப் பதவியினின்றும் நீக்கினர். நீக்கத்திற்குக் காரணம் பலவாயினும் 'கார் வரி' என்னும் கூக்குரலே ஓங்கி ஒலித்தது. அவர் பின் வந்த ஆர்னால்டு ஷ்வார்ஸ்நெக்கர் பதவியேற்ற அன்றே உயர்வை நீக்கினார். ஆனால் அதனால் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 400 கோடி டாலர் குறைந்தது. நகரங்களுக்கும் ஜில்லாக்களுக்கும் சேரவேண்டிய பணம் அது. மறு ஆண்டு மார்ச்சில் 1,500 கோடி டாலர் வரை கடன் வாங்க ராஜ்யம் குடிகளின் ஒப்புதலைப் பெறவேண்டியதாயிற்று. மற்றொன்றும் நினைக்கத்தக்கது. 2017ஆம் ஆண்டில் சாலைச் செப்பனுக்கென உயர்த்திய பெட்ரோல் வரியையும் வண்டிக் கட்டணத்தையும் ஒழிக்கவேண்டுமென மறு ஆண்டு நவம்பரில் குடிகளின் வாக்கிற்கு ஒரு பிரேரணை வந்தது. வரியை வெறுப்பதில் முந்தி நிற்கும் அம்மக்களே, சாலைகள் பாழாய்விடும் என்று அஞ்சி, அதனைத் தோற்கடித்தனர்.

ஆகவே, "எடைக் கட்டணத்தை ஒழியுங்கள்" என்று மட்டும் எழுதிய மனு செல்லாக்காசாகும். எடைக் கட்டணங்கள் அனைத்தாலும் வரும் பணம் ஆண்டுக்குச் சுமார் 100 கோடி டாலர். போக்குவரத்து வேலைகளுக்காக ராஜ்யம் பட்ட கடனை அடைக்க அது செலவாகின்றது. பிக்கப்பை விடுவித்தால் குறையும் பங்கிற்கு ஈடு என்ன என்பதே கணக்குப் பார்க்கும் உறுப்பினர் முதற்கண் கேட்கும் வினா. பெருங்கார்களின் மேலும் அக்கட்டணத்தை விதித்து ஈடு செய்யலாம் என்றால், ஒருவன் செலுத்தும் வரியை உயர்த்தும் எச்சட்டத்திற்கும் இரு சபைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டுமென 2010ஆம் ஆண்டில் குடிகளே கட்டுப்பாடு செய்துள்ளனர். கீழ்ச்சபையில் எண்பதின்மருள் ஐம்பத்து நால்வரையும், மேற்சபையில் நாற்பதின்மருள் இருபத்தெழுவரையும் இசைவித்தல் எளிதன்று.

எனவே மனுவை இரண்டாய்ப் பிரித்தல் தக்கது. சொந்தக் காரியத்திற்கே பயன்படும் பிக்கப்பை வர்த்தக வாகனம் என்னும் பெயரினின்றும் நீக்குக, அதன் எடைக் கட்டணம் இப்போதைக்கு வேறொரு பிரிவின்கீழ் இருந்தவாறே இருக்கட்டும் என்பது முதற்பகுதி. இதனால் பொக்கசத்திற்கு நட்டமில்லை; சாதாரணப் பெரும்பான்மை வாக்கே போதும்; பாரவண்டியென்று வீட்டு வாயிலில் நிறுத்தத் தடையுண்டவர்க்கு உடனே பயனுண்டு. சிலர் இதனைக் கோழைத்தனம் என்பர். 154 டாலரைச் செலுத்திக்கொண்டே பெயரை மட்டும் மாற்றுவதா என்று சினப்பர். கட்டணத்தைப் பற்றியது இரண்டாம் பகுதி: காரும் பிக்கப்பும் ஒரே எடை அட்டவணையில் நின்று, மொத்த வருவாய் குறையாதபடி, இன்று பிக்கப் உடையார்மேல் மட்டும் விழும் சுமை எல்லார்மேலும் சிறிது சிறிதாய்ப் பரவவேண்டும் என்பது. முதலாவது நிறைவேறியபின் இரண்டாவதை வற்புறுத்துவது எளிது. வர்த்தகரல்லர் என்று சட்டமே ஒப்பியவரிடம் வர்த்தகர்க்குரிய கட்டணத்தை வாங்க நியாயம் கூற எவராலும் இயலாது.

மனுவில் கையொப்பமிடுவோர் தம் பெயரோடு வண்டியின் வெற்றெடை, செலுத்திய எடைக் கட்டணம், வண்டியின் பயன் ஆகிய மூன்றையும் எழுதுதல் வேண்டும். தம் தொகுதி உறுப்பினரை அவர் ஊரிலிருக்கும் இலையுதிர் காலத்திலேயே காணுதல் நன்று. சட்டசபை ஜனவரியில் கூடுகின்றது; அவ்வாண்டிற்குரிய புதிய மசோதாக்களைப் பிப்ரவரி மாதத்திற்குள் கொணர்ந்துவிடவேண்டும்.