தொடாத கையும் தவறிப்போகும் மருந்தும்

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் ஒன்றாயிற்று. அதன் குன்றுகளுள் ஒன்று, அருந்ததியரை இழிவாகச் சுட்டும் சொல்லைத் தாங்கிச் சக்கிலி துர்க்கம் என்று அழைக்கப்பட்டு வந்திருக்கிறது. இக்குன்றுகளைச் சூழ்ந்த முட்புதர்களில் ஆடு மேய்ப்பவர்கள், விறகு பொறுக்குபவர்கள், வேர்க்கடலைக் கொல்லைகளில் களையெடுப்பவர்கள் ஆகியோருக்கு வரும் காய்ச்சல் எவ்வாறு மருத்துவம் பார்க்கப்படுகிறது என்பது சாதியோடு தொடர்புடைய கேள்வி.

ஸ்க்ரப் டைஃபஸ் எனும் உண்ணிக் காய்ச்சல், புதர்களில் வாழும் நுண்ணிய உண்ணியின் இளம்புழு கடிப்பதால் பரவுகிறது. தென்னிந்தியாவில் மழைக்காலத்திலும் அதையொட்டிய குளிர்காலத்திலும் இது மிகும். இதன் கிருமியான ஒரியன்ஷியா சுட்சுகமுஷி மனித உயிரணுக்களுக்குள்ளேயே பெருகுவது. ஆகவே பென்சிலினோ, விலையுயர்ந்த செஃப்ட்ரியாக்சோன் ஊசியோ இதற்குப் பயன்படா. குணப்படுத்துவது மலிவான டாக்சிசைக்ளின். கருவுற்ற பெண்களுக்கு அசித்ரோமைசின். நோய் முற்றியவர்களுக்கு இவ்விரண்டையும் சேர்த்து நரம்பு வழியே செலுத்தினால் சிக்கல்கள் குறைகின்றன என்பதை, இந்திய மருத்துவமனைகளில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு காட்டியது. இறப்பு விகிதத்தில் அது பெரிய வேறுபாட்டைக் காணவில்லை. எனவே தொடக்கத்திலேயே நோயை ஐயுற்று மருந்தளிப்பதே முதன்மையானது. ஆய்வக முடிவுக்குக் காத்திராமல் சிகிச்சையைத் தொடங்குமாறு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் கூறுகிறது.

அந்த ஐயம் எங்கிருந்து பிறக்க வேண்டும்? நோயாளியின் உடலிலிருந்துதான். கடிவாயில் பலருக்குச் சிகரெட்டால் சுட்டது போன்ற கரும்பொருக்கு உண்டாகும். அது அக்குளிலோ, இடுப்பு மடிப்பிலோ, மார்பின் கீழோ மறைந்திருக்கும். வலிக்காது என்பதால் நோயாளியே அறியார். மருத்துவர் மறைவிடம் அமைத்து, ஆடை விலக்கி, தொட்டுப் பார்த்தால்தான் தெரியும். மேசைக்கு அப்பால் நிறுத்தி, "எத்தனை நாளாகக் காய்ச்சல்?" என்று மட்டும் கேட்டு ஊசி எழுதித் தரும் இடத்தில் அது தெரியாது. சேரியிலிருந்து வருபவரைத் தொடத் தயங்கும் கை, மருந்துத் தேர்விலேயே பிழை செய்துவிடுகிறது.

சட்டம் இங்கு வாயடைத்து நிற்கவில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 2015ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், மருத்துவமனைக்குள் நுழையவிடாமல் தடுப்பதைக் குற்றமாக்குகிறது. குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் 1955இன் 5ஆம் பிரிவு, அனுமதித்த பின் காட்டும் பாகுபாட்டையும் தீண்டாமைக் குற்றமாக்குகிறது. தடைசெய்யப்பட்ட செயல் பட்டியல் சாதியினர் ஒருவர் தொடர்பாக நிகழ்ந்தால், மாறாக மெய்ப்பிக்கப்படும் வரை அது தீண்டாமையின் பேரில் நிகழ்ந்ததாக ஊகிக்க 12ஆம் பிரிவு வழிசெய்கிறது. எனினும் தொடாமல் விட்டதை மெய்ப்பிப்பது கடினம். நெரிசலும் ஆள்பற்றாக்குறையும் எளிய சாக்குகளாகும். ஆகவே நமக்கு வேண்டியது எழுத்துச் சான்று.

ஐந்து நாள் கடந்த காய்ச்சலுடன் வருவோரின் நோயாளி ஏட்டில், முழு உடலும் பரிசோதிக்கப்பட்டதா என்ற பதிவைக் கட்டாயமாக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையங்களில் பெண்களைப் பரிசோதிக்க மறைவிடமும் பெண் ஊழியரும் தேவை. டாக்சிசைக்ளின் இருப்பு தீரக் கூடாது. ஒவ்வொரு காய்ச்சல் மரணத்துக்கும் தணிக்கை வேண்டும்.

உயிர்காக்கும் சிகிச்சையைத் தர அரசு மருத்துவமனை தவறுவது அரசியலமைப்பின் 21ஆம் கூறை மீறுவதாகும் என்று உச்ச நீதிமன்றம் 1996இல் மேற்கு வங்க விவசாயத் தொழிலாளர் அமைப்பு தொடுத்த வழக்கில் தீர்ப்பளித்தது. மலிவான மாத்திரை கையருகே இருந்தும் ஒருவர் இறந்தால், அவரது நோயாளி ஏட்டைக் கேட்டுப் பெறுவதிலிருந்து நம் வழக்கு தொடங்க வேண்டும்.